ஆழ்வார்தோப்புக்குப் படகு இல்லை

திருச்சியில் கடல் இல்லை. நான் சொன்னதாக இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஒருமுறை கேண்டீனில் டீ குடித்துக்கொண்டே சொன்னதற்கு எனக்கு மெமோ வந்தது. ‘கப்பலின் மன உறுதியைக் குலைக்கும் வகையில் புவியியல் பேசியது’ என்பது குற்றச்சாட்டு. இனிமேல் புவியியல் பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள்.

என் பெயர் அப்துல் சுக்கூர். கடற்படைக் கப்பல் கட்டும் தளத்தில் நூலக எழுத்தர். கடற்படைக்காரன் இல்லை, சிவிலியன். கப்பல் கட்டுவதெல்லாம் எங்கோ கடற்கரையில் நடக்கிறது. திருச்சியில் இருப்பது அதன் உள்நாட்டுப் பிரிவு. அந்தக் கப்பல்களுக்கு வேண்டிய வால்வுகளையும் குழாய்களையும் இங்கே செய்து லாரியில் அனுப்புவோம். உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டி, எங்கள் ஆழ்வார்தோப்புக்குப் பக்கத்திலேயே, உயரமான மதில் போட்ட வளாகம். என் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது பார்த்தால் ஆபீஸ் கொடிக்கம்பம் தெரியும்.

கடற்படையில் ஒரு வழக்கம் உண்டு. நிலத்தில் இருக்கிற தளத்துக்கும் கப்பலைப் போலவே பெயர் வைத்து, கப்பல் என்றே பேசுவார்கள். எங்கள் கட்டடத்தின் பெயர் ‘ஜலவிக்ரம்’. அதில் தரை கிடையாது, டெக்தான். ஜன்னல் கிடையாது, போர்ட்ஹோல்தான். வீட்டுக்குப் போவதற்குக் ‘கரை இறங்குதல்’ என்று பெயர். சாயங்காலம் கேட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசைக்குப் ‘படகு’ என்று பெயர். வரிசைக்கு வரத் தாமதமானால் படகு போய்விட்டது என்று அர்த்தம். அடுத்த படகு வரும்வரை கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிற நம் ஸ்கூட்டரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கூட்டிப் பெருக்குகிற சகாயராணி ஒருநாள், “தரை ஈரமா இருக்கு, பாத்து வாங்க சார்” என்று ஓர் அதிகாரியிடம் சொன்னார். தரை என்ற சொல் காதில் விழாத மாதிரியே நடந்துபோன அதிகாரி வழுக்கி விழுந்தார். மெமோ சகாயராணிக்கு.

இதெல்லாம் நூறு வருஷத்துப் பழக்கம், போகட்டும் என்று பொறுத்துக்கொண்டோம். கமாண்டர் தைரியராஜ் எங்களுக்குத் தலைவராக வந்த பிறகுதான் சனி பிடித்தது.

வந்ததும் அனைவரையும் கூப்பிட்டுப் பேசினார். மனுஷன் ஒளிவுமறைவு இல்லாதவர், அதைச் சொல்லியாக வேண்டும்.

“கடற்படையில மேல போகணும்னா கடல்ல கமாண்ட் பண்ணியிருக்கணும். எனக்குக் கடல் ஒத்துக்காது. அலையைப் பார்த்தாலே வாந்தி வந்துடும். அதனாலதான் என்னை இங்க போட்டாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஜலவிக்ரம் ரெக்கார்டுல கப்பல். கப்பல்னா பயணம் போகலாம். பயணம் போனா எனக்கு சர்வீஸ்ல சேரும். போறதுக்குத் தண்ணி வேணும்னு எந்த ரூல்லயும் இல்ல. நான் தேடிப் பாத்துட்டேன்.”

நிர்வாக அதிகாரி ஸ்ரீரங்கராஜன் எழுந்தார். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்காரர். நெற்றியில் திருமண், சட்டைப்பையில் எந்த அதிகாரி சொன்னாலும் ஒத்துப்போவதற்கு ஏதாவது ஒரு சமாதானம்.

“இதுல என்ன சந்தேகம்? நம்மூர்ல சாட்சாத் பெருமாளே பாற்கடல்லதானே சயனிச்சிண்டிருக்கார். சேவிக்க வர்றவா யாராவது ‘அலை எங்கே ஸ்வாமி’ன்னு கேக்கறாளா? கேட்டா அபசாரம். பாவனைதான் ப்ரதானம்.”

பெருமாள் யாரையும் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியதில்லையே என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. நான் சுக்கூர். இந்த விஷயத்தில் நான் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் ஊருக்கு நல்லது என்று இருந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஜலவிக்ரம் கடலுக்குப் போக ஆரம்பித்தது. புறப்படும் நாளில் காலையில் சைரன் ஊதும். கேட்டைப் பூட்டிச் சாவியைக் கமாண்டர் தன் பையில் போட்டுக்கொள்வார். செல்போன்கள் கேட்டிலேயே தங்கிவிடும். எல்லோருக்கும் கடல் மயக்க மாத்திரை கொடுப்பார்கள். முழுங்கினால் சாயங்காலம்வரை தூக்கம் என்பதால், வேலை இருக்கிறவர்கள் மறைவாகத் துப்பிவிடுவோம். கமாண்டர் மாத்திரையே வாங்காமல் மொட்டைமாடியில் நின்று, மலைக்கோட்டை இருக்கிற திசையைத் தொலைநோக்கியில் பார்ப்பார். வாந்தி வரவில்லை என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். சாயங்காலம் கப்பல் கரை சேர்ந்ததாக மறுபடி சைரன் ஊதும். பின்னால் பஸ் போகும், எதிரில் பரோட்டாக் கடையில் கொத்துகிற சத்தம் கேட்கும். நாங்கள் வங்காள விரிகுடாவில் இருப்போம்.

நூலகத்துக்கு வந்த கஷ்டம் தனி. கப்பல் உருளும்போது புத்தகம் விழுந்து யார் மண்டையாவது உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டு, அலமாரிகளை எல்லாம் கயிறு போட்டுக் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். கமாண்டர் உத்தரவு இல்லாமல் அவிழ்க்கக் கூடாது. கடலில் இருக்கும்போது அவிழ்க்கவே கூடாது. ஃபிட்டர் சவரிநாதன் ஒருநாள் வேர்க்க விறுவிறுக்க வந்து, “சுக்கூர் பாய், அந்த அழுத்த வால்வு புஸ்தகம் குடுங்க, கழட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன்” என்றார்.

“கரை சேர்ந்ததும் வாங்க” என்றேன்.

“எப்பச் சேரும்?”

“அஞ்சரைக்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். புத்தகம் படிக்க ஆளே வராத நூலகத்தை ‘மிகவும் பத்திரமான நூலகம்’ என்று பாராட்டி எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

பயணம் என்றால் கப்பலில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். சிவிலியன்கள் மாலுமிகள் இல்லை. பயணிகளும் இல்லை, டிக்கெட் எடுக்கவில்லை. ரொம்ப யோசித்து எங்களைச் சரக்கில் சேர்த்தார்கள். சரக்குக்குச் சாப்பாடு கிடையாது என்பதால் டிபன் பாக்ஸ் கொண்டுபோனோம்.

இந்தக் கூத்தையெல்லாம் வீட்டில் சொல்லிச் சிரிப்போம். என் அத்தாவுக்கு இதைக் கேட்பதில் அப்படி ஓர் ஆனந்தம். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்தவர். கட்டிலில் சாய்ந்துகொண்டு, “என்னடா கப்பல்காரா, இன்னிக்கு எந்த ஊர் வரைக்கும் போனே?” என்பார். “அந்தமானைத் தொட்டுட்டுத் திரும்பிட்டோம்த்தா” என்பேன். சிரிப்பார், சிரிப்பு இருமலில் போய் முடியும். போன மாதம் அந்த இருமல் நிற்கவே இல்லை. நுரையீரல் ரெண்டும் போய்விட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கூட்டி வந்த அன்றைக்கு அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன் தம்பி ஆரிஃப் ஷார்ஜாவுல கெடக்கான். அவன் வருவானோ மாட்டானோ. நீதான்டா பக்கத்துல இருக்கே. என்னைக் குழிக்குள்ள எறக்குறது உன் கையா இருக்கணும். முதல் மண்ணு நீ போடணும். சரியா?”

சரித்தா என்றேன். இதற்குக்கூட வக்கில்லாமல் போவேன் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் ஒரு மளிகைக் கடையும் பள்ளிவாசலும்தானே இருக்கிறது.

அந்த வாரம்தான் அட்மிரல் ஆய்வுக்கு வருவதாக இருந்தது. கடலில் ஓடிக்கொண்டிருக்கிற நிலையில் ஜலவிக்ரமைப் பார்வையிடுவார் என்று உத்தரவு. நான் ஸ்ரீரங்கராஜனிடம் போய் நின்றேன்.

“அத்தாவுக்கு ரொம்ப முடியலைங்க சார். நாளைக்கு ஒருநாள் லீவு குடுங்க.”

“அட்மிரல் எழுந்தருள்றார் ஓய். சரக்குல ஒண்ணு கொறைஞ்சா என்ன அர்த்தம்? நடுக்கடல்ல தூக்கிப் போட்டுட்டோம்னு அர்த்தம். என்கொயரி வெப்பா.”

“நாளைக்கே ஏதாவது ஆயிடுச்சுன்னா சார்?”

“ஆயுசு பகவான் கையில. சாயங்காலம் கப்பல் கரை சேர்ந்துடறது. அதுவரைக்கும் தாங்க மாட்டாரா உங்கப்பா?”

நிஜமான பரிவோடுதான் கேட்டார். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. வராமல் இருந்தால் கப்பலை விட்டு ஓடியவன் என்று எழுதி வேலையை விட்டே எடுத்துவிடலாம். என் மகள் இக்ரா பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். ஆரிஃப் முந்தின ராத்திரியே டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னான். காலையில் அத்தா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என் மனைவி ஷரபுன்னிசா, “போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்” என்றாள். போனேன்.

எல்லோருக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். சைரன் ஊதிக் கேட்டைப் பூட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அட்மிரல் வந்தார். நடுக்கடலில் இருக்கிற கப்பலுக்குக் காரில் வர முடியாது என்பதால், அவருடைய கார் ஹெலிகாப்டர் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. ஹெலிகாப்டருக்காகக் கேட்டைத் திறந்து மூடினார்கள். அது உள்ளே வந்து நின்றதும், காற்றுக்குப் பறந்துவிடாமல் எல்லோரும் தொப்பியைப் பிடித்துக்கொண்டோம். ஸ்ரீரங்கராஜன் குனிந்து ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டார். டிரைவர் தண்ணீர் பாட்டிலோடு வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தார்.

நான் நூலகத்தில் கயிற்று முடிச்சுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். கேட் காவலர் ஆண்டி. மணப்பாறைக்காரர், தங்கமான மனுஷன்.

“அண்ணே” என்றார். பிறகு, “வீட்லேர்ந்து போன் வந்துச்சுண்ணே. அத்தா போயிட்டாங்க. அஸர் தொழுகை முடிஞ்சு நாலரைக்குள்ள எடுக்கறாங்களாம். தம்பி ஃப்ளைட் ஏறிட்டாராம். உங்களை உடனே வரச் சொன்னாங்க” என்றார்.

அத்தா, அத்தா என்று கொஞ்ச நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கமாண்டரிடம் ஓடினேன்.

“சார், எங்க அத்தா இறந்துட்டாங்க. என்னை விடுங்க சார்.”

“யார் சொன்னாங்க?”

“ஆண்டி சொன்னாரு சார், கேட்லேர்ந்து.”

கமாண்டர் அட்மிரல் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சுக்கூர், கேட் கரையில இருக்கு. நாம கரையிலேர்ந்து நூறு கடல் மைல் தள்ளி இருக்கோம். ஆண்டி பேசறது உங்களுக்கு எப்படிக் கேக்கும்? கரையிலேர்ந்து வர்ற தகவல் தலைமையகத்துக்குப் போகணும். அங்கேர்ந்து சிக்னலா நமக்கு வரணும். அதுவரைக்கும் உங்கப்பா இறக்கலை.”

“சார், எங்க வீடு அதோ தெரியுது சார்!”

“புவியியல் பேசாதீங்க.”

ஆண்டி சொன்ன செய்தி கடற்கரையில் இருக்கிற தலைமையகத்துக்குப் போய், அங்கே யார் யாரோ கையெழுத்துப் போட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் எங்களுக்குத் திரும்பி வந்தது. என் அத்தா அதிகாரப்பூர்வமாக இறந்தார். உடனே எல்லோரையும் டெக்கில் கூட்டிக் கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்கினார்கள். அட்மிரல் தமிழர்தான். என் தோளில் கை வைத்துப் பேசினார்.

“எங்க அப்பா போனப்போ நான் நடுக்கடல்ல இருந்தேன். எனக்குத் தெரியவே பல நாள் ஆச்சு. ராத்திரியெல்லாம் அழுதேன். ஆனா திரும்பிப் போகணும்னு ஒரு வார்த்தை கேக்கலை. அதை என் ரிப்போர்ட்ல எழுதினாங்க. அதனாலதான் நான் இன்னிக்கு அட்மிரல். அப்பா சாவு ஒரு மாலுமிக்கு எவ்வளவு உதவும்னு நீங்க போகப் போகப் புரிஞ்சுக்குவீங்க.”

“உங்களுக்குக் கடல் இருந்துச்சு சார்” என்றேன்.

ஸ்ரீரங்கராஜன் என் காலை மிதித்தார். நான் விடவில்லை. “சார், நீங்க வந்த ஹெலிகாப்டர்லயாவது என்னைக் கொண்டுபோய் விட்டுடுங்க சார்” என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அட்மிரல் ஒரு கணம் தடுமாறினார் என்றுதான் நினைக்கிறேன். கமாண்டர் முந்திக்கொண்டார். “ஹெலிகாப்டர்ல சரக்கு ஏத்த அனுமதி இல்ல சார்.” அட்மிரல், ஆமாம், அது உண்மைதான் என்று தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற ஹெலிகாப்டருக்குள் டிரைவர் சீட்டைச் சாய்த்துப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து, மொட்டைமாடியில் கண்காணிப்புக்கு நிறுத்தியிருந்த சவரிநாதனின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. கப்பலைக் கடந்து போகிற எதையும் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு இட்ட வேலை.

“வலது பக்கம்… வலது பக்கம் ஒண்ணு வருது சார்.”

“என்ன கலம்?” என்று கமாண்டர் மைக்கில் கேட்டார்.

“கலம் இல்ல சார். சந்தூக்குப் பெட்டி. தோள்ல தூக்கிட்டு வராங்க. முன்னால சுக்கூர் பாய் தம்பி வராரு.”

“வேகம்? ஆயுதம் ஏதாவது?”

“பூ இருக்கு சார்.”

“நட்புக் கலமா, எதிரியா? அதைச் சொல்லு!”

ஒலிபெருக்கியில் சவரிநாதன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வளாகம் முழுக்கக் கேட்டது. “சார், அது நம்ம சுக்கூர் பாய் அத்தா சார்.”

“அடையாளம் தெரியாத நட்புக் கலம்” என்று கமாண்டர் முடிவு செய்தார். “மரியாதை செலுத்துங்க.” விசில் ஊதினார்கள். எல்லோரும் வலது பக்கம் திரும்பி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள்.

நான் ஓடினேன். நூலகத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஷெட்டின் மேல் ஏறினால் மதில் எட்டும். ஏறினேன். மதில் விளிம்பைப் பிடித்துத் தொங்கி, தலையையும் ஒரு கையையும் அந்தப் பக்கம் நீட்டிவிட்டேன். கீழே, எனக்கு நேர் கீழே, அத்தா போய்க்கொண்டிருந்தார். பச்சைத் துணி, மேலே மல்லிகைப் பூ. எங்கள் மதிலுக்குள்ளிருந்து சைரனும் விசிலும் வருவது எங்கள் தெருவுக்குப் பழகிப்போனது என்பதால் யாரும் தலை நிமிரவில்லை. ஆரிஃப் மட்டும் நிமிர்ந்தான். ஏர்போர்ட்டிலிருந்து வந்த அதே கசங்கிய சட்டை. வாய் கலிமா சொல்லிக்கொண்டிருக்க, கண்ணால் மட்டும் என்னை வா என்றான்.

“அத்தா!” என்று கத்தினேன்.

கத்தியது தப்பாகிவிட்டது. ‘ஆள் கடலில் விழுந்துவிட்டான்’ என்று ஒலிபெருக்கி அலறியது. ரெண்டு மாலுமிகள் ஷெட்டின் மேல் பாய்ந்து என் இடுப்பில் மிதவை வளையத்தை மாட்டினார்கள். நான் மதிலை விடவில்லை. நகம் பிய்ந்தது. அவர்கள் விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்கள். ஜனாஸா ஊர்வலம் நடுவழியில் நிற்கக் கூடாது, அது நிற்கவில்லை. அதன் பின்பக்கம் தெருமுனையில் திரும்புகிறவரை பார்த்தேன்.

என்னை டெக்கில் கிடத்தி, குடித்த கடல் தண்ணீர் வெளியே வருவதற்காக வயிற்றை அமுக்கினார்கள். போர்வை போர்த்தினார்கள். சித்திரை வெயில். அட்மிரல் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இவ்வளவு சீக்கிரம் ஆளைக் காப்பாற்றிய கப்பலைத் தான் பார்த்ததில்லை என்றார். கமாண்டர் தைரியராஜ் கண் கலங்கிவிட்டார். அவருக்கு ப்ரமோஷன் வந்துவிட்டது என்பது அங்கேயே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஸ்ரீரங்கராஜன் குனிந்து என் காதில், “உமக்கு இது புனர்ஜன்மம் ஓய். பெருமாள் கிருபை” என்றார். பாவி, அதையும் நிஜமான பரிவோடுதான் சொன்னார்.

சாயங்காலம் கப்பல் கரை சேர்ந்தது. படகில் நான்தான் முதல் ஆள். ஆண்டி கேட்டைத் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். நேராகக் கபர்ஸ்தானுக்கு ஓடினேன். மண்ணை மேடாக்கித் தண்ணீரும் தெளித்து முடித்திருந்தார்கள். ஒருத்தரும் இல்லை. அந்த மேட்டில் ஒரு பிடி மண் எடுத்து மறுபடி அதிலேயே போட்டேன். மன்னிச்சிருங்கத்தா என்றேன். வேறு என்ன சொல்ல?

வீட்டில் ஆரிஃப் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் முழங்கையில் குழி மண் ஒட்டியிருந்தது. மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தவன். ஷரபுன்னிசா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். விரல்களைப் பார்த்துவிட்டு மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

“எல்லாரும் பெரிய மகன் எங்கே, பெரிய மகன் எங்கேன்னு கேட்டாங்க” என்றாள். “அடுத்த தெரு ஆபீஸ்ல இருக்காரு, விட மாட்டேங்கறாங்கன்னு எப்படிங்க சொல்றது? யாராவது நம்புவாங்களா? பெத்தவருக்கு மண்ணு போட வராதவன்னுல்ல உங்களை ஏசுவாங்க. அதான், கப்பல்ல இருக்காருன்னு சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலைங்க. ஐயோ பாவம்னாங்க. நம்ம ஜனத்துல இது என்ன புதுசா, வெளிய இருக்கிற புள்ளைங்க எத்தனை பேரு வர முடியாம போறாங்க. பள்ளிவாசல் ஹஜ்ரத்கூட கபர்ல துஆ கேக்கும்போது, கடல்ல இருக்கிற பெரிய மகனைப் பத்திரமாக் கரை சேர்த்துடு அல்லாஹ்ன்னு கேட்டாராம். மொத்த ஜமாத்தும் ஆமீன் சொன்னாங்களாம்.”

நான் ஆரிஃபைப் பார்த்தேன். அவன்தானே மதில்மேல் என்னைப் பார்த்தவன். அவன் முழங்கையில் இருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

“நானும்தாண்ணே ஆமீன் சொன்னேன்” என்றான்.